சுவையும் சாட்சியும்

கானாவூர்த் திருமணத்தை நாம் எத்தனையோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். அன்னை மரியாவின் பரிந்துரை பேசப்படும். ஆண்டவரின் முதல் அரும் அடையாளம் பேசப்படும். ஆறு கல் தொட்டிகளுக்கும் ஆளுக்கொரு விளக்கம் கூறப்படும். அந்தப் பந்தியின் மேற்பார்வையாளரைப் பற்றி மட்டும் எவரும் அதிகம் பேசுவதில்லை. அவர் செய்தது ஒரே ஒரு வேலை. கொண்டுவந்து கொடுத்ததைச் சுவைத்தார். அது எத்தகையது என்று சொன்னார். அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. தண்ணீர் மொண்ட பணியாளருக்குத் தெரியும். ஆனால் அவர்கள் சுவைத்ததாக யோவான் எழுதவில்லை. அறிந்தவர் சுவைக்கவில்லை, சுவைத்தவர் அறியவில்லை. அந்த அறியாமையால்தான் அவருடைய சொல்லுக்கு மதிப்பு உண்டாகிறது. தந்தவர் இன்னார் எனத் தெரிந்து சொல்லியிருந்தால் அதனை முகத்துதி என்று தள்ளிவிடலாம். அவரோ தம் நாவை மட்டும் நம்பிச் சொன்னார்.

நாவும் மூக்கும் உணர்ந்ததைக் குறித்து ஒருவர் சொல்லும் சொல் எப்போது உண்மையாகிறது, எப்போது பொய்யாகிறது? இதுவே இக்கட்டுரையின் வினா. அற்பமான வினாவாகத் தோன்றலாம். சாம்பாரில் உப்பு சரியா என்று கேட்கும் மனைவிக்கு நாம் நாள்தோறும் விடை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால், பிறர் எல்லாரும் உணர்வதாகச் சொல்லும் ஒன்றை நாம் உணராதபோது நம் வாய் என்ன சொல்லவேண்டும் என்பது அவ்வளவு எளிதான வினா அன்று. இதனை எனக்குக் கூர்மையாக எழுப்பியது இலண்டன் மாநகரில் ஒரு மாலை வகுப்பு.

என் மகள் அங்கே ஓர் உணவகத்தில் பணிபுரிகிறாள். விருந்தினருக்குத் திராட்சை மதுவைப் பரிந்துரைப்பது அவள் கடமைகளுள் ஒன்றாகிவிட்டதால், முறையாகக் கற்றுத் தேர்வு எழுதவேண்டிய நிலை. அங்கே இது ஒரு தொழிற்கல்வி. 1953ஆம் ஆண்டு முதலே அந்நாட்டில் மதுவணிகர்களுக்குக் கடுமையான தேர்வு நடக்கிறது. 1969இல் இதற்கெனவே ஒரு கல்வி அறக்கட்டளை இலண்டனில் நிறுவப்பட்டு, இன்று பல நாடுகளில் அதன் பாடத்திட்டப்படி வகுப்புகள் நடைபெறுகின்றன. அவளைப் பார்க்கச் சென்றிருந்தபோது தொடக்கநிலையினருக்கான வகுப்பொன்றுக்கு என்னையும் அழைத்துச் சென்றாள். "சும்மா உட்கார்ந்திருங்கள் அப்பா, குடிக்க வேண்டாம்" என்றாள். நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்று பெயர்ப்பலகை தொங்கிய கடைகளில் அரிதாக விற்ற சரக்கு ஒயின்தான் என்பதால், எனக்கு அந்தப் பொருளோடு திருப்பலிப் பீடத்தின் வழியாகவன்றி வேறு பழக்கம் இல்லை.

நீண்ட மேசை, பன்னிரண்டு பேர். ஒவ்வொருவர் முன்னும் எண்ணிட்ட வட்டங்கள் அச்சிட்ட வெள்ளைத் தாள். வட்டத்திற்கு ஒன்றாக ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள். அவற்றின் வடிவத்திற்கே 1977இல் ஓர் அனைத்துலகத் தரம் வகுத்திருக்கிறார்கள்: வயிறு அகன்று வாய் குறுகி, 215 மில்லி கொள்ளும், ஊற்றுவதோ 50 மில்லிதான். மீதி இடம் மணத்திற்கு. நடுவே நம் பாட்டிமார் வெற்றிலைக்கு வைத்திருந்தது போன்ற படிக்கங்கள். அருந்துவதற்கன்று, சுவைத்து உமிழ்வதற்கே அங்கு ஊற்றப்படுகிறது என்பதைக் கண்டதும் பாதி தயக்கம் எனக்கு நீங்கியது.

முதலில் கண். கிண்ணத்தைக் காம்பில் பிடித்து வெள்ளைத் தாளின்மேல் சாய்த்து நிறம் பார்க்க வேண்டும். அடுத்து மூக்கு. மெல்லச் சுழற்றி முகரவேண்டும். கடைசியில்தான் வாய். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் மூக்கின் வேலை என்று ஆசிரியை விளக்கினார். வாயிலிட்ட பொருளின் ஆவி தொண்டையின் பின்வழியாக ஏறி மூக்கை அடைகிறது. சளி பிடித்த நாளில் மீன் குழம்பும் வெந்நீர் போலிருப்பது இதனால்தான். நாவுக்குத் தெரிந்தவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, ஜப்பானியர் பெயரிட்ட உமாமி என்று ஐந்தே.

இங்கே எனக்கு ஒரு சிறு பெருமிதம். சிவப்பு மதுவில் உள்ள டானின் என்னும் பொருள் வாயில் உண்டாக்கும் உணர்ச்சியை அந்த அம்மையார் விளக்கப் பெரிதும் முயன்றார். பால் சேர்க்காத கடுந்தேநீர் என்றார்; ஈறுகள் உலர்ந்து இழுப்பதுபோல் என்றார். பலருக்கும் அது கசப்போடு குழம்பியது. அறுசுவையில் துவர்ப்பை வைத்தெண்ணிய தமிழனுக்கு விளக்கமே தேவையில்லை. வாழைப்பூவும் மாதுளைத் தோலும் கொட்டைப்பாக்கும் அவனுக்கு அதைச் சிறுவயதிலேயே கற்பித்துவிட்டன. மேலை அறிவியல் துவர்ப்பைத் தொடு உணர்ச்சியில் சேர்க்கிறது, அது கிடக்கட்டும். பெயர் இருந்தால் உணர்ச்சி தெளிகிறது என்பதே நான் சொல்ல வந்தது. சொல் இல்லாதவனுக்கு அதே துவர்ப்பு வாயில் ஒரு தொல்லையாக மட்டும் நின்றுவிடுகிறது.

எனவே அந்த வகுப்பு, சுவையைக் கற்பிப்பதைவிடச் சொல்லைக் கற்பிப்பதே என்று கண்டுகொண்டேன். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பணியாற்றிய ஆன் நோபிள் என்னும் பேராசிரியை 1984இல் மணச்சக்கரம் ஒன்றை வெளியிட்டார். நடுவில் பழம், மலர், மசாலா, மண், மரம் எனப் பொதுப்பெயர்கள். விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல எலுமிச்சை, ரோஜா, கிராம்பு எனத் தனிப்பெயர்கள். 'நளினமானது', 'உயர்குடிப் பிறந்தது' போன்ற புகழ்மொழிகளுக்கு அதில் இடமில்லை. காட்டமுடியாத சொல்லைப் பயன்படுத்தாதே என்பதே அதன் நெறி. குடைமிளகாய் மணம் என்றால், சாதாரண மதுவில் ஒரு குடைமிளகாய்த் துண்டைப் போட்டு முகரச் செய்து, இதைத்தான் சொல்கிறேன் என்று காட்டலாம். திறனாய்வு எழுதும் நம் இலக்கிய அன்பர்களுக்கும் இத்தகைய சக்கரம் ஒன்று வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆயினும் சொற்களுக்கு ஊர் உண்டு. நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வந்த வெள்ளை மதுவில் 'கூஸ்பெரி' மணக்கும் என்றார் ஆசிரியை. அகராதியை நம்பி அதில் நெல்லிக்காயைத் தேடுகிற தமிழன் ஏமாறுவான்; இரண்டும் வேறு குடும்பத்துச் செடிகள். எனக்குத் தோன்றியது பழுத்த கொய்யா. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அணில் கடித்துப் போட்ட கொய்யாவின் மணமே அது. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் மறுபடி முகர்ந்து, "ஆம், சரிதான், அந்தப் பழத்தோடு வளர்ந்தவர் நீங்கள், நான் கடையில்தான் பார்த்திருக்கிறேன்" என்றார். அந்த மதுவிற்குத் தனித்தன்மை தரும் கந்தகச் சேர்மங்கள் கொய்யாவிலும் உண்டு என்பதைப் பின்னர்ப் படித்து அறிந்தேன். கற்பிப்பவர் கேட்பவரிடமிருந்து ஒரு சொல்லை வாங்கிக்கொண்ட அந்தக் கணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஐந்தாம் கிண்ணத்தில்தான் நான் சொல்லவந்த செய்தி நிகழ்ந்தது. ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் என்னும் கருஞ்சிவப்பு மது. "இதில் கருமிளகு மணக்கிறதா?" என்று ஆசிரியை கேட்டார். எனக்கு ஐயமே இல்லை. அம்மியில் அப்போதுதான் தட்டியதுபோல் மணந்தது. மேசையைச் சுற்றித் தலைகள் அசைந்தன. என் மகள் மட்டும் தலையசைக்கவில்லை. மறுபடி முகர்ந்தாள், மறுபடியும். "எனக்கு மிளகு வரவில்லை" என்றாள். மிளகுரசம் குடித்து வளர்ந்த பெண் இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குச் சற்று நாணமாகக்கூட இருந்தது.

ஆசிரியை வியப்படையவில்லை. அந்த மணத்திற்குக் காரணமான பொருளை ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2008இல் கண்டறிந்து வெளியிட்டார்கள் என்றும், அதன் பெயர் ரோட்டண்டோன் என்றும், ஆய்வில் முகர்ந்து பார்த்தவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது மிகுதியாக இருந்தபோதும் எட்டவே இல்லை என்றும் சொன்னார். மிளகின் காரம் அவர்களுக்கும் நாவில் உறைக்கும். இந்த ஒரு மணத்திற்கு மட்டும் அவர்கள் மூக்கில் வாசல் இல்லை. ஐந்தில் ஒருவர் என்றால் பன்னிருவரில் இரண்டொருவருக்கேனும் வந்திருக்கக் கூடாது. சிறு கூட்டத்தில் கணக்கு பொய்க்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலையசைக்காதவள் ஒருத்தியே.

தலையசைப்பதும் ஒரு சொல்தான். நாம் சிறுவயதில் மனப்பாடம் செய்த எட்டாம் கட்டளை பொய்ச்சான்று கூறாதே என்கிறது. நீதிமன்றத்தையும் அண்டைவீட்டாரையும் நினைத்தே நாம் அதைப் பொருள்கொள்கிறோம். தன் புலன் தனக்குத் தெரிவிக்காத ஒன்றைத் தெரிவித்ததாகக் காட்டுவதும் ஒருவகைப் பொய்ச்சான்றல்லவா? யாருக்கும் தீங்கில்லையே என்பீர்கள். தீங்கு உண்டு. அந்த 2008ஆம் ஆண்டு ஆய்வில் முகர்ந்தவர் அனைவரும் நாகரிகம் கருதித் தலையசைத்திருந்தால், ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் எட்டாது என்ற உண்மை இன்றும் மறைந்தே கிடந்திருக்கும். 1794இல் ஜான் டால்டன் என்னும் வேதியியலறிஞர், பிறர் காணும் நிறங்களை என்னால் காண முடியவில்லை என்று தம்மைப் பற்றித் தாமே கட்டுரை படித்தார். நிறக்குருடு பற்றிய முறையான ஆய்வின் தொடக்கங்களுள் அது ஒன்று. "எனக்கு வரவில்லை" என்ற சொல்லும் அறிவுக்கு ஒரு கொடைதான்.

இதைக் கேட்டதும் சிலர் மகிழ்ச்சியோடு மறுகரைக்குத் தாவிவிடுவார்கள்: பார்த்தீர்களா, எல்லாம் பாசாங்கு, சுவை என்று ஒன்றும் இல்லை, அவரவர் நாக்கு அவரவர்க்கு! அவர்களுக்குத் துணைநிற்கும் ஆய்வுகளும் உண்டு. 2001இல் போர்தோ பல்கலைக்கழகத்தார், மதுவியல் பயிலும் 54 பேருக்கு வெள்ளை மதுவில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தனர். அவர்களோ சிவப்பு மதுவிற்குரிய சொற்களாலேயே அதனை வருணித்தனர். 2008இல் கலிபோர்னியாவில் நடந்த சோதனையில் ஒரே மதுவைப் பத்து டாலர் என்றும் தொண்ணூறு டாலர் என்றும் கூறிக் கொடுத்தபோது, விலை கூடியதாகச் சொன்னதே கூடுதல் இன்பம் தந்ததாகச் சுவைத்தவர்கள் கூறினர். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் அதற்கேற்பக் கிளர்ந்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் நம்மைக் கலங்க வைப்பது. மெய்யாகவே அவர்களுக்கு அது இனித்தது. அதே ஆண்டில் ராபர்ட் ஹாட்சன் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியப் பொருட்காட்சிப் போட்டியில் நடுவர்களுக்கு ஒரே புட்டியிலிருந்து மும்முறை ஊற்றிக் கொடுத்ததில், ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான் ஒரே பதக்கத் தரத்திற்குள் மதிப்பெண் வழங்கினர் என்று காட்டியது.

இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவை காட்டுவது என்ன? கண்ணும் பணமும் கூட்டமும் நம் சாட்சியத்தை வளைக்கின்றன என்பதையே. சாட்சி வளைகிறான் என்பதால் நடந்த நிகழ்ச்சியே இல்லை என்று எந்த நீதிபதியும் தீர்ப்பெழுதுவதில்லை. போட்டி நடுவர்கள் வழங்கியது பதக்கம். மிளகு உண்டா இல்லையா என்பது பதக்கக் கேள்வி அன்று.

ஸ்காட்லாந்து மெய்யியலார் டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் செர்வாண்டிசின் 'டான் குவிக்சாட்' புதினத்திலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். சாஞ்சோவின் உறவினர் இருவர் மதுச்சுவையில் வல்லவர்கள். ஒரு பீப்பாயைச் சுவைத்த ஒருவர், நல்ல மது, ஆனால் தோல்வாடை சற்று உண்டு என்றார்; மற்றவர், நல்லதுதான், ஆனால் இரும்புவாடை உண்டு என்றார். கூடியிருந்தோர் இருவரையும் நகைத்தனர். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வாரில் கோத்த ஓர் இரும்புச் சாவி கிடந்தது.

அழகான கதை. ஆனால் வாழ்க்கையில் பெரும்பாலான பீப்பாய்களின் அடியில் சாவி கிடைப்பதில்லை. சுவைத்தவர் நகைப்புக்கு ஆளானபடியே செத்துப்போகிறார். ஷிராஸ் மதுவின் கதையில் சாவி கிடைத்துவிட்டது. மிளகு மணக்கிறது என்று சுவைஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள்; உவமை, கற்பனை என்று பலர் எண்ணினர். 2008இல் பீப்பாயைக் கவிழ்த்துப் பார்த்தால், மிளகில் உள்ள அதே பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது! ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே எட்டும் மூக்குக்கு எட்டிவிடுகிறது. யவனர் மரக்கலங்களில் கொணர்ந்த மணமிகு தேறலைப் பாண்டியனுக்கு வாழ்த்தாகப் பாடுகிறது புறநானூறு. பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட அவர்களுடைய கலங்களைப் பாடுகிறது அகநானூறு. அரிக்கமேட்டில் அவர்களுடைய மதுச்சாடிகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. மதுவைக் கொடுத்து மிளகு வாங்கிச் சென்றவர்கள், மதுவுக்குள்ளேயே மிளகு உண்டென்று அறிந்திருந்தார்களோ என்னவோ.

ஆக, இரு பக்கமும் ஒரு பணிவு தேவைப்படுகிறது. வராததை வந்ததாகச் சொல்லாதிருக்கும் பணிவு ஒன்று. எனக்கு வராததால் அது இல்லை என்று சாதிக்காதிருக்கும் பணிவு மற்றொன்று. முதலாவது இல்லாதவன் பாசாங்குக்காரன் ஆகிறான். இரண்டாவது இல்லாதவனோ ஒன்றையும் கற்கமாட்டான். அந்த மேசையில் முதல் கிண்ணத்திற்கு 'ஒயின் வாடைதான் அடிக்கிறது' என்று சொன்ன ஒரு முதியவர், நான்காவது கிண்ணத்தில் தாமாகவே செர்ரிப் பழம் என்றார். முதல் சொல்லை அவர் மெய்யாகச் சொன்னதால்தான் நான்காவது சொல்லை நான் நம்பினேன்.

இங்கே வாசகர் ஒருவர் எழுந்து நின்று கேட்பது என் காதில் விழுகிறது: "ஐயா, மிளகும் கொய்யாவும் இருக்கட்டும். குடியால் தாலியறுத்த பெண்கள் நிறைந்த பங்குகளில் வாசிக்கப்படும் இதழில் மதுச்சுவை பேசுவது அறமா?" அந்தக் கேள்விக்கு நான் கடன்பட்டவன். 2003 முதல் தமிழ்நாட்டில் சில்லறை மதுவிற்பனையும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையிலேயே இருக்கிறது. கடையொன்றை அகற்றக் கோரிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலையில் குமரி மாவட்டத்தில் அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்டார். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியது வீணுக்கன்று. என் தாய்மாமன் எங்கள் கோவில் பாடகற்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு மாண்டார். அவர் குடித்ததை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன்: மூச்சை அடக்கி, கண்ணை இறுக்கி, ஒரே விழுங்கு, உடனே ஒரு கடி ஊறுகாய். சுவையை விரும்பி அல்ல, சுவையிலிருந்து தப்பியே அவர் குடித்தார். அவர் ஒருநாளும் எதையும் முகர்ந்து நான் பார்த்ததில்லை.

இதனால் சுவைஞன் குடிகாரன் ஆகமாட்டான் என்று நான் வாதிடப்போவதில்லை. அது பொய். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலின் ஒன்பதாம் பகுதியில் தம் தாய் மோனிக்கம்மாளைப் பற்றிச் சொல்லும் செய்தி நமக்குத் தெரியும். சிறுமியாக இருந்தபோது மிடாவிலிருந்து மது மொண்டுவர அனுப்புவார்கள். குடிக்கும் ஆசை சிறிதுமின்றி, விளையாட்டாக உதட்டு நுனியால் ஒரு துளி சுவைத்தாள். துளிகள் வளர்ந்து கிண்ணங்களாயின. வேலைக்காரச் சிறுமி சண்டையில் 'குடிகாரி' என்று ஏசிய ஒரு சொல்தான் அவளைத் திருத்தியது. சுவைப்பதற்கும் குடிப்பதற்கும் நடுவே உள்ள வேலி அவ்வளவு உயரமானதன்று. அதுமட்டுமன்று, நல்ல சொற்கள் நல்ல மறைப்பும் ஆகும்: சாராயம் குடிப்பவனைக் குடிகாரன் என்போம், பர்கண்டியின் ஆண்டுகளைப் பற்றி அரைமணி நேரம் பேசிக்கொண்டே புட்டியைக் காலி செய்பவரை இரசிகர் என்போம். அந்த வகுப்பிலும் படிக்கத்தைத் தொடாமலே ஆறு கிண்ணத்தையும் முடித்தவர் ஒருவர் இருந்தார்; ஆறாவது மதுவைப் பற்றி அவர் சொன்னது எதுவும் எவருக்கும் விளங்கவில்லை. முதலில் நல்லதையும் மக்கள் மயங்கியபின் மட்டமானதையும் பரிமாறுவதே உலக வழக்கம் என்று கானாவூர் மேற்பார்வையாளர் சொன்னதும் இதைத்தானே!

உலகில் மிகக் கண்டிப்பான மதுச்சுவைஞர் யார் என்று கேட்டால் எங்கள் பங்கின் பழைய கோவில்பிள்ளையையே சொல்வேன். திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு, திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயல்பாக உண்டானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்கிறது. சக்கரமோ சான்றிதழோ அறியாத அந்த மனிதர் ஒவ்வொரு காலையும் புட்டியைத் திறந்து ஒருமுறை முகர்வார். காடியாகிவிட்டதா, இல்லையா? அவருக்கு வேண்டியது அந்த ஒரு விடைதான். ஒரு கோடைகாலத்தில் அவர் பூசை தொடங்குமுன் சாமியாரிடம் வந்து, "சாமி, இது ஆகாது" என்று சொல்ல, அடுத்த பங்கிலிருந்து வேறு புட்டி வரும்வரை மக்கள் செபமாலை சொல்லிக்கொண்டு காத்திருந்தார்கள்.

மகளின் சிக்கலுக்கு வருகிறேன். மேல்நிலைத் தேர்வில் இரண்டு மதுக்களை, பெயர் மறைத்து, முன்னே வைப்பார்கள். நிறம், மணம், சுவை, தரம் எல்லாவற்றையும் எழுதவேண்டும். எதிர்பார்க்கும் சொற்களுக்கு மதிப்பெண் உண்டு. கருஞ்சிவப்பும் செறிவும் வேறு சில குறிகளும் கொண்டு இது ஷிராஸ் என்று அவளால் ஊகிக்க முடியும். ஊகித்தபின், முகராத மிளகை எழுதலாமா? "எழுதிவிடு, எல்லாரும் எழுதுவார்கள்" என்றார்களாம் உடன் பயில்வோர்.

எழுதலாம் என்பதே என் கருத்தாக இருந்தது. இன்றும் பெரும்பாலும் அதுவே. தேர்வுத்தாள் சத்தியப்பிரமாணம் அன்று. மதுவில் என்ன உண்டு என்று அது கேட்கிறது; உன்னில் என்ன நிகழ்ந்தது என்று கேட்கவில்லை. பிறர் சாட்சியத்தை நம்பி உண்மையைச் சொல்வது பொய்யாகாது. நாம் ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கை சொல்லும்போது அதில் உள்ள ஒவ்வொன்றையும் கண்டவர்களாகவா சொல்கிறோம்? முன்னோர் சுவைத்ததற்கு நம் வாயை இரவல் தருகிறோம். ஆண்டவரின் இனிமையைச் சுவைத்துப் பார்க்க 34ஆம் திருப்பாடல் அழைக்கிறது. அன்னை தெரேசாவின் கடிதங்கள் 2007இல் வெளியானபோது, பல பத்தாண்டுகள் அந்த இனிமை அவருக்கு எட்டவே இல்லை என்று உலகம் அறிந்தது. ஆயினும் அவர் பிறர்க்கு அதை அறிவித்துக்கொண்டே இருந்தார். அது பொய்ச்சான்றா?

என் மகள் இதை ஏற்கவில்லை. "அப்பா, அன்னை தெரேசா தம் ஆன்ம குருக்களுக்கு வரவில்லை என்றுதானே எழுதினார்? நம்புகிறேன் என்பது வேறு, முகர்ந்தேன் என்பது வேறு. அந்தத் தாளில் மேலே 'மணம்' என்று போட்டிருக்கிறது" என்றாள். சமாரியப் பெண்ணின் ஊரார், இனி உன் சொல்லை நம்பி அல்ல, நாங்களே கேட்டு அறிந்தோம் என்று அவளிடம் சொன்னதை எடுத்துக்காட்டி, இரண்டு நிலைகளும் உண்டு, இரண்டுக்கும் பெயர் வேறு என்றாள். மறைக்கல்வி வகுப்பில் நான் அவளுக்குக் கற்பித்த பகுதி அது. வாதத்தில் தோற்றேனா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. தேர்வு ஊகிக்கும் திறனையும் சோதிக்கிறது என்ற என் கட்சிக்கு அவளிடம் முழுமையான மறுப்பு இல்லை. விருந்தினர் முன் நின்று சொல்லும்போது அந்தக் கட்சி நிற்காது என்பதற்கு என்னிடமும் மறுப்பு இல்லை.

அவள் தன் விடைத்தாளில் கரும்பிளம்ஸ், கிராம்பு, வனிலா என்று எழுதினாள், மிளகு எழுதவில்லை. தேறிவிட்டாள். இப்போது உணவகத்தில் விருந்தினர் எவரேனும் இந்தச் சிவப்பில் மிளகு தூக்கலாக இருக்குமா என்று கேட்டால், தன்னோடு பணிபுரியும் போலந்து நாட்டு இளைஞனை அழைத்துக் கேட்கிறாள். அவனுக்கு மிளகு நன்றாக வருகிறதாம். ஆனால் கெட்ட தக்கையால் மதுவில் ஏறும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை அவன் மூக்குக்கு எளிதில் படுவதில்லை. புட்டியைத் திறந்ததும் அவன் அவளிடம் கொண்டுவந்து நீட்டுகிறான்.